ஆயுத பூஜையன்று நான் போடாத டிஸ்க்

இதை எழுதுவதற்கு எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. உட்காருவேன், முதல் வரியிலேயே அருள்ராஜ் பெயர் வந்து நிற்கும், மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். பணியில் இருந்தவரை பயம். ஓய்வு பெற்ற பிறகு தயக்கம். அவன் உயிரோடு இருக்கும்போது அவன் பட்டதை நான் எழுதுவது முறையா என்று தோன்றும். போன தவக்காலத்தில் அவன் கண்ணை மூடினான். அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து அவன் மனைவி ஸ்டெல்லா மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். வீட்டம்மா கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளு எதுக்கு மாஸ்க்கைக் கழட்டுனாருன்னு ஊருக்குள்ள ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. குடிச்சிருந்தாருன்னு ஒருத்தன் சொல்லுதான். வீரம் காட்டப் போயி விழுந்தாருன்னு ஒருத்தன் சொல்லுதான். பூஜையில வச்ச சாமானைத் தொட்டதால வந்த வெனைன்னு உங்க ஆளுங்க சொல்லுதாங்க. என் மவன் காலேசுல இருந்து வந்து, எம்மா எது நெசம்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? நீங்க அங்கன இருந்தவுக."

நடந்ததை அவளிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை எழுதிக் குடுங்க. உங்களுக்கும் வயசாகுது."

அதனால் எழுதுகிறேன். இணைய இணைப்பு இல்லாத சர்வர்களுக்கு அப்டேட் கொண்டுபோகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்தான் இது. நான் பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிகல் படித்தவன். கம்ப்யூட்டர் படிப்பு எனக்குக் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்து, செய்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதுதான். செந்தூர் முருகன் புண்ணியத்தில் ஓய்வுக்காலம் வரை அந்த வேலை என் குடும்பத்துக்குச் சோறு போட்டது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இருக்காது.

துறைமுகத்தை ஒட்டி இருந்த எங்கள் டெர்மினலுக்கு அம்மோனியா கப்பலில் வரும். கப்பலிலிருந்து குழாய் வழியாக வந்து தொட்டிகளில் சேரும். குழாய் நெடுகிலும் வாயுக் கசிவை மோப்பம் பிடிக்கும் கருவிகள் இருக்கும். எல்லாம் கண்ட்ரோல் ரூமில் உள்ள சர்வருக்கு எண்களை அனுப்பும். எண் ஏறினால் சர்வர் சைரனை அடிக்க வேண்டும். அந்த சர்வருக்கும் வெளி உலகத்துக்கும் ஒரு கம்பிகூடக் கிடையாது. வெளியிலிருந்து எவனும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். அப்டேட் என்றால் சென்னையிலுள்ள மென்பொருள் கம்பெனி டிஸ்க்கில் எழுதி, சீல் வைத்து, ஆள் மூலம் அனுப்பும். அதை உள்ளே கொண்டுபோவது என் பொறுப்பு.

உங்கள் போனில் அப்டேட் வந்தால் விரலால் தொடுகிறீர்கள். கோளாறு என்றால் நாளைக்கு இன்னொன்று வரும். அங்கே அப்படி இல்லை. போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களிடம் இருப்பது. சந்தேகம் கேட்க ஆள் இல்லை. உள்ளே அந்தக் குளிரும், மின்விசிறிகளின் இரைச்சலும், நீங்களும்தான்.

கப்பல் வந்து கட்டும் ஜெட்டியில் குழாய் இணைப்பைப் பார்த்துக்கொண்டவன் அருள்ராஜ். கடற்கரைப் பரதவர் குடும்பம். அவன் தாத்தா முத்துக்குளித்தவர், அப்பா சங்கு குளித்தவர். நான் டிஸ்க்கோடு உள்ளே போவதைப் பார்த்தால் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டான்.

"எங்க தாத்தா மாதிரியே போறிய அண்ணாச்சி. மூச்சைப் பிடிச்சிக்கிட்டு முங்க வேண்டியது, உள்ள கெடக்கத அள்ள வேண்டியது. கயிறுதான் இல்ல."

"கயிறு எதுக்குலே?"

"முங்குதவன் இடுப்புல கயிறு இருக்கும்லா. மேல வள்ளத்துல மச்சான் பிடிச்சிருப்பான். பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன்தான் பிடிக்கணும். தங்கச்சி தாலிய அறுக்க எவனும் கயித்தை விடமாட்டான் பாருங்க."

"எனக்கு மச்சான் சாயர்புரத்துல கடை வச்சிருக்கான். அவன் கடையை விட்டுட்டு வரமாட்டான்."

"அப்ப முருகனைப் பிடிச்சிக்கச் சொல்லுங்க."

எங்கள் பேச்சு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து டிஸ்க் வந்தது. அவசரமான அப்டேட் அது. எங்களிடம் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளில் ஒரு கோளாறு இருப்பதை வேறு ஊரில் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரே நேரத்தில் பல கருவிகள் எண்ணை ஏற்றி அனுப்பினால் சர்வர் திணறி உறைந்துபோகும். திரை அணைந்து போனால்கூட நமக்குத் தெரிந்துவிடும். இது அணையாது. கடைசியாக வந்த நல்ல எண்களைக் காட்டிக்கொண்டு பச்சையாகவே நிற்கும். சைரனும் அடிக்காது. அப்டேட் போட சர்வரை நிறுத்த வேண்டும், நிறுத்தியிருக்கும்போது சரக்கு ஓடக் கூடாது. அடுத்த கப்பல் வர நாள் இருந்தது. எனவே பூஜைக்கு மறுநாள் காலையில் போடுவது என்று முடிவாயிற்று.

எங்கள் டெர்மினலில் ஆயுத பூஜைக்கு ஜாதி மதம் பார்ப்பதில்லை. வருடாவருடம் வாசலில் வாழைக்கன்று கட்டுவது அருள்ராஜ்தான். கண்ட்ரோல் ரூமுக்கு அடுத்த அறையில் மேசை போட்டு ஸ்பானர், குறடு, மீட்டர், வெல்டிங் முகமூடி எல்லாவற்றையும் கழுவி அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைப்போம். எங்களுக்குள் ஒரு கட்டு உண்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடும்வரை யாரும் தொடக் கூடாது. அதனால் ஓட வேண்டிய வேலைக்கு வேண்டிய சாமானை முன்கூட்டியே தனியாக ஒதுக்கிவிடுவோம். ஸ்பானரை ஒதுக்கினோம், வாயுவுக்குப் போடும் மாஸ்க்கை ஒதுக்கினோம். டிஸ்க்கை ஒதுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது நாளைக்குத்தானே.

ஷிப்ட் இன்சார்ஜ் நம்பி சார் ஆழ்வார்திருநகரிக்காரர். நல்ல மனிதர், கெட்டிக்காரர். நான் வெளியே பூசணிக்காய் உடைக்கிற இடத்தில் இருந்தபோது, புதுசாக வந்தது சாமி முன்னால் இருக்கட்டும் என்று அவர்தான் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறார். சந்தனம் வைத்துக்கொண்டு வந்த எலக்ட்ரீஷியன், மினுங்குகிற பக்கம்தான் அதற்கு முகம் என்று நினைத்து, அந்தப் பக்கத்தில் விபூதியைக் குழைத்துப் பட்டை போட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பக்தியோடுதான் வைத்தார். கேலி செய்ய இதில் ஒன்றும் இல்லை.

தீபாராதனை முடிந்து பொரிகடலை கொடுத்துக்கொண்டிருக்கும்போது துறைமுகத்திலிருந்து தகவல் வந்தது. தளத்தில் நின்ற வேறொரு கப்பல் முன்னதாகவே புறப்பட்டுவிட்டது. எங்கள் அம்மோனியா கப்பலை அன்றைக்கே உள்ளே எடுக்கிறார்கள். மதியம் சரக்கு இறங்க ஆரம்பிக்க வேண்டும்.

நான் நம்பி சாரிடம் போனேன். "சார், இப்ப ஆரம்பிச்சா கப்பல் கட்டுததுக்குள்ள அப்டேட்டைப் போட்டுரலாம்."

அவர் பூஜை மேசையைப் பார்த்தார். "டிஸ்க் பூஜையில இருக்கே அண்ணாச்சி. மறுபூஜை போடாம எப்படி எடுக்க?"

சுற்றி நின்றவர்களில் ஒருவர் மெதுவாக, "தொட்டா நல்லதுல்ல" என்றார்.

அருள்ராஜ் வாயில் பொரியோடு சொன்னான்: "அண்ணாச்சி, உங்க சாமி வேலையோட அருமை தெரிஞ்சவரு. எடுங்க. கோவிச்சிக்கிட்டாருன்னா எங்க மாதாகிட்ட சொல்லிச் சமாதானம் பண்ணச் சொல்லுதேன்."

யாரும் சிரிக்கவில்லை. நம்பி சார் முகத்தை அப்போதுதான் கவனித்தேன். அவருக்குத் தெய்வக் குற்றம் பற்றிய பயம் அவ்வளவு இல்லை. சர்வரை நிறுத்தி, அது திரும்ப எழும்பாமல் போய், கப்பல் காத்து நின்றால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். பூஜை அவருக்கு ஒரு சாக்காகக் கிடைத்திருந்தது. நான் தினமும் குளித்து விபூதி பூசாமல் படி இறங்காதவன். அந்த இடத்தில் என் மனது நொந்தது. முடிவு எடுக்கப் பயந்து நாம் நிற்கிறோம், சாமியை முன்னால் நிறுத்திவிடுகிறோம். தம்பிகளே, உங்கள் இடத்தில் அது சாமியாக இருக்காது. விதிமுறை என்பார்கள், மேலிடம் என்பார்கள், லீவு நாள் என்பார்கள். யாராவது ஒன்றை முன்னால் நிறுத்திப் பேசும்போது, பின்னால் நிற்கும் பயத்தைக் கவனியுங்கள். அதோடுதான் நீங்கள் பேச வேண்டும்.

"சார், சர்வர் எழும்பலன்னா பழசையே திரும்ப ஏத்த முதல்லயே ஒரு நகல் எடுத்து வச்சிருவேன். உங்க பேருக்கு ஒண்ணும் வராது" என்றேன். அவர் முகம் இளகியது. தலையாட்டினார். நான் மேசையின் முன் விழுந்து கும்பிட்டேன். முருகா, உன் பிள்ளைகள் மூச்சு விடுவதற்காகத்தான் எடுக்கிறேன் என்று சொல்லி எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் அதன் முகத்தைப் பார்த்தேன். விபூதி காய்ந்து இறுகியிருந்தது. ஈரத்துணியால் மெதுவாகத்தான் துடைத்தேன். விபூதியில் நமக்குத் தெரியாத நறநறப்பு உண்டு. வெளிச்சத்தில் சாய்த்தபோது, கம்ப்யூட்டர் படிக்க வேண்டிய அந்தப் பக்கத்தில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன.

உள்ளே போனேன். சர்வருக்குப் போடும் முன் தனியாக நிற்கும் சோதனைக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் படித்துப் பார்க்க வேண்டும். முழுவதையும் படித்துவிட்டு அது ஒரு நீண்ட எண்ணைக் காட்டும். கம்பெனி கொடுத்த எண்ணும் அதுவும் ஓர் இலக்கம்கூட மாறாமல் ஒன்றாக இருந்தால்தான் அவர்கள் அனுப்பியது முழுதாக வந்திருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் நின்று நின்று ஓடியது. எண் வந்தது. ஒத்துவரவில்லை. மறுபடி துடைத்துப் படிக்கவிட்டேன். இந்த முறை முதலில் வந்ததும் இல்லாமல், கம்பெனி கொடுத்ததும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு எண். பிறகு திரையில் கேள்வி வந்தது: பிழை இருக்கிறது, பொருட்படுத்தாமல் தொடரலாமா?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நம்பி சார் நின்றார். ஆயிற்றா என்று கையால் கேட்டார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் கப்பலின் மேல்தட்டு தெரிந்தது. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று அழுத்தியிருந்தால் அங்கே யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் அப்போது வேண்டியிருந்தது அந்த ஆமாம்தான். எனக்கும்தான்.

நான் இல்லை என்று அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.

"சார், டிஸ்க் கெட்டிருக்கு. இதைப் போடக் கூடாது."

"கொஞ்சந்தானே அண்ணாச்சி கெட்டிருக்கும். ஓடுனாலும் ஓடும்லா?"

"ஓடலாம். பழைய மென்பொருள்ல என்ன கோளாறுன்னு நமக்குத் தெரியும். இதுல எங்க ஓட்டைன்னு எவனுக்கும் தெரியாது. தெரிஞ்ச கோளாறுக்குக் காவல் போடலாம். தெரியாததுக்கு என்னத்தப் போட?"

சென்னைக்குப் போன் செய்தோம். அங்கேயும் ஆயுத பூஜை. காவலாளி ஒருவர் எடுத்து, நாளைக்குத்தான் ஆள் வரும் என்றார். கப்பலை ஒரு நாள் நிறுத்துங்கள் என்று நான் சொன்னேன். நம்பி சாரும் அதை மேலே சொன்னார், சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பழசு இத்தனை நாள் ஓடியிருக்கிறது, கூடுதல் ஆள் நிறுத்தி இறக்குங்கள் என்று பதில் வந்தது.

காவல் போடலாம் என்று சொன்னவன் நான். அதைத்தான் செய்தோம். குழாய் நெடுகிலும் மாஸ்க்கும் வாக்கி டாக்கியும் கொடுத்து ஆட்களை நிறுத்தினோம். திரையை மட்டும் நம்பாமல் மனிதன் மூக்கையும் கண்ணையும் நம்புவது என்று ஏற்பாடு. ஜெட்டி முனையில்தான் ஆபத்து அதிகம். அருள்ராஜ் தானாகவே அங்கே போகிறேன் என்றான்.

"காத்து எனக்குத் தெரியும் அண்ணாச்சி. மதியத்துக்கு மேல கொண்டல் எழும்பும், கடல்ல இருந்து நேரா எங்க தெருவுக்குத்தான் அடிக்கும். எங்க அம்மை வாசல்ல கருவாடு காயப்போட்டிருப்பா. நான் நிக்கேன்."

"ஏதாவதுன்னா உடனே சொல்லு."

வாக்கி டாக்கியை நம்பி சார் கையில் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னைக்கு நான் முங்குதேன். கயிறு உங்க ரெண்டு பேரு கையில."

சரக்கு இறங்க ஆரம்பித்தது. நான் திரைக்கு முன்னால், நம்பி சார் என் பக்கத்தில் வாக்கி டாக்கியோடு. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று வந்தது. அருள்ராஜ், "இங்கன ஒரு மீன்கொத்திதான் டூட்டி பாக்குது" என்றான். நம்பி சார் அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

பிறகு வாக்கி டாக்கியில் ஒரு சத்தம் வந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் எப்படி இருக்கும் தெரியுமா? பானைக்குள் தலையை விட்டுப் பேசினது போல இருக்கும். ஜெட்டியின் காற்றிரைச்சல் வேறு. யார் என்பது தெரிந்தது, என்ன என்பது விளங்கவில்லை.

நம்பி சார் திரையைப் பார்த்தார். எல்லாம் பச்சை. "அருள், விளங்கல. திருப்பிச் சொல்லு" என்றார்.

மறுபடி அதே பானைச் சத்தம்.

"திருப்பிச் சொல்லு அருள். தெளிவாச் சொல்லு."

அந்த நேரத்தில் என் கண் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்துக்குப் போயிற்று. விநாடி ஓடவில்லை. "சார், திரை உறைஞ்சிட்டு" என்றேன்.

நான் சொல்லி முடிக்கும்போதே வாக்கி டாக்கியில் அவன் குரல் சுத்தமாக வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்து பேசினது போல வந்தது.

"நிறுத்துங்க."

நம்பி சார் கப்பலோடு பேசும் வயர்லெஸ் செட்டை எடுத்து நிறுத்தச் சொன்னார். அவர்கள் நிறுத்தினார்கள். கையால் அழுத்த வேண்டிய சைரனை நான் ஓடிப்போய் அழுத்தினேன். இவை எல்லாம் நடக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது.

கசிவு ஜெட்டியில். கப்பல் பம்பை நிறுத்தினாலும் குழாயில் நிற்கும் சரக்கு கசிந்துகொண்டுதான் இருக்கும். ஜெட்டி முனையில் ஒரு கை வால்வு உண்டு. சக்கரத்தைச் சுற்றி மூட வேண்டும். மீட்பு ஆட்கள் போய்ப் பார்த்தபோது அந்தச் சக்கரம் கடைசிவரை சுற்றப்பட்டிருந்தது. அருள்ராஜ் அதன் அடியில் கிடந்தான். மாஸ்க் கழுத்தில் தொங்கியது.

நாங்கள் தெளிவாகச் சொல் என்றோம். தெளிவாகச் சொல்வதற்கு அவன் அதை இறக்கினான். அம்மோனியா ஒரே மூச்சில் கண்ணையும் நெஞ்சையும் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மாஸ்க்கை ஏற்றியும் பயன் இல்லை என்று நினைத்தானா, கண் தெரியாமல் கைக்கு முதலில் அகப்பட்டது சக்கரம்தானா என்று எனக்குத் தெரியாது. மீனவர் தெருவில் அன்று பிள்ளைகளுக்குக் கண் எரிந்தது, இருமினார்கள். அதோடு போயிற்று. அவன் அம்மை கருவாட்டை அள்ளி உள்ளே வைத்தபோது ஜெட்டியில் இருந்தது தன் பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் சில நாள் கழித்துத்தான் அவனோடு பேச விட்டார்கள். கண்ணில் கட்டு இருந்தது. பேச்சு காற்றாக வந்தது. என் கையில் இருந்த செந்தூர் விபூதியின் வாசனையில் கண்டுகொண்டான்.

"வாங்க அண்ணாச்சி. என் நெத்தியிலயும் பூசுங்க. ஃபாதர்ட்ட சொல்லிருதேன்."

பூசினேன். அப்புறம் கேட்டான்.

"அன்னைக்கு அந்த டிஸ்க்கைப் போட்டிருந்தா சைரன் அடிச்சிருக்குமா?"

"தெரியலலே."

"தெரியலியா, சொல்ல மனசில்லியா?"

"தெரியல. அடிச்சிருக்கலாம். சர்வரே எழும்பாம போயிருக்கவும் செய்யலாம். அந்த டிஸ்க்கை சென்னைக்கு அனுப்புனாக. அவுகளாலயும் முழுசாப் படிக்க முடியல."

சிரிக்கப் பார்த்தான், இருமலாகிவிட்டது. அடங்கியதும் சொன்னான்: "அப்ப தெரியலன்னே சொல்லுங்க. எவன் கேட்டாலும். போட்டிருந்தா தப்பிச்சிருப்பான்னும் சொல்லாதிய. போடாததும் நல்லதுக்குத்தான்னும் சொல்லாதிய."

நான் புறப்படும்போது மறுபடி கூப்பிட்டான். "அண்ணாச்சி, எங்க தாத்தா தண்ணிக்குள்ள இருந்து பேசமாட்டாரு. கயித்தை ஒரு சுண்டு சுண்டுவாரு. மச்சான் தூக்கிருவாரு. ஏன் என்னன்னு மேல வந்த பொறவுதான் கேப்பாக. நீங்க எனக்குப் பேசுத கயித்தைக் குடுத்திட்டிய. சுண்டுத கயிறு குடுக்கல."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. யோசித்துக் கண்டுபிடித்ததைச் சொல்வது போலத்தான் சொன்னான். நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு எங்கள் டெர்மினலில் ஒரு வழக்கம் வந்தது. வாக்கி டாக்கி பொத்தானை மூன்று தடவை தட்டினால் நிறுத்த வேண்டும். பேச வேண்டியதில்லை. யார் தட்டினாலும், கேட்பவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும், திரை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் முதலில் நிறுத்துவது, காரணத்தை அப்புறம் கேட்பது. அப்டேட் போட உள்ளே போகும்போதும் அதே வழக்கம்தான். உள்ளே இருப்பவன் கண்ணாடியில் மூன்று தட்டு தட்டினால் வேலை அன்றைக்கு நின்றுவிடும். மூன்று தட்டு தட்டினவனிடம் அந்த நேரத்தில் விளக்கம் கேட்கிற ஆள், நல்ல எண்ணத்தோடு கேட்டாலும், அவன் மாஸ்க்கைக் கழற்றச் சொல்கிற ஆள்தான். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

டிஸ்க் இரண்டாக வரும்படியும் செய்தோம். பூஜையை விடவில்லை. தட்டில் காலிப் பெட்டியை வைத்துச் சந்தனம் இடுவோம். டிஸ்க் பூட்டுக்குள் இருக்கும். முருகன் அதில் குறை கண்டதாக எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று நானும் அவனிடம் கேட்டிருக்கிறேன், கடற்கரையில் நின்று, கோயிலுக்குள்ளே போகாமல். பதில் கிடைத்தது என்று சொன்னால் அது பொய். கேட்டுக்கொண்டேதான் கும்பிடுகிறேன்.

அருள்ராஜுக்குக் கண் திரும்பவில்லை. நெஞ்சும் தேறவில்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவான். அப்படியே பல வருடம் இருந்தான். பிள்ளைகளைப் படிக்க வைத்தான், வாழைக்கன்று கட்டும் நாளில் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்து, கட்டு தளர்வாக இருக்கிறது என்று தடவிப் பார்த்துத் திட்டினான்.

நம்பி சார் வேலையை விட்டுப் போனார். இதை எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னேன். "தெளிவாச் சொல்லுன்னு நான் அவன்கிட்ட கேட்டதை அப்படியே எழுதுங்க அண்ணாச்சி. மாத்தி எழுதுனா அந்தப் பையன் குடிச்சிருந்ததா ஆயிரும்" என்றார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது சாமி கோபத்தைச் சேர்க்காதீர்கள். மூடநம்பிக்கை என்று சொல்லி எங்கள் எலக்ட்ரீஷியனைக் கேலி செய்யாதீர்கள். நம்பி சாரை வில்லனாக்காதீர்கள். நான் டிஸ்க்கைப் போடாததைக் கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லாதீர்கள், தப்பு என்றும் சொல்லாதீர்கள். தெரியாது என்று அவன் சொல்லச் சொன்னான், அப்படியே சொல்லுங்கள். அருள்ராஜ் வாயில் வீர வசனம் எதையும் வைக்காதீர்கள். கசிவு கண்டபோது அவன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைச் சொன்னான். பிறகு அவனே என்னிடம் சொன்னபடி, மாஸ்க்குக்குள் இருந்தபோது, விளங்கவில்லை என்று நாங்கள் சொன்ன அந்த இரண்டு தடவையும் அவன் சொன்னது அதே வார்த்தைதான்.